‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’: சுடச் சொன்னால் சுடுவானா?

நீங்கள் கேட்டது இது: “ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ பார்த்தேன். படிக்கட்டுக் காட்சி உலுக்கிவிட்டது. ஆனால் மொத்தத்தில் இது கட்சிப் பிரசாரம்தானே? அதிகாரிகள் எல்லாம் கொடியவர்கள், மாலுமிகள் எல்லாம் உத்தமர்கள். மனிதர்களை இப்படி அச்சில் வார்த்தது போலக் காட்டும் படத்தில் அரசியல் சிந்தனை என்று சொல்ல என்ன இருக்கிறது?”

முதல் பாதிக்குப் பதில் சுருக்கமானது. ஆமாம், பிரசாரப் படம்தான். அதை எடுத்தவர்களே மறைக்கவில்லை. 1905 புரட்சியின் இருபதாம் ஆண்டு நினைவுக்காக சோவியத் அரசு எடுக்கச் சொன்ன படம் அது. 1925 டிசம்பர் 21 அன்று மாஸ்கோவின் பொல்ஷோய் அரங்கில், அரசு நடத்திய நினைவு விழாவில்தான் முதன்முதலில் திரையிடப்பட்டது. ஐசன்ஸ்டைனுக்கு அப்போது வயது 27. அந்த ஆண்டு வெளிவந்த ‘வேலைநிறுத்தம்’ ஒன்றுதான் அவர் அதற்கு முன் எடுத்திருந்த முழுநீளப் படம்.

இரண்டாம் பாதியைத்தான் விரிவாகப் பேச வேண்டும். ஏனென்றால் இந்த மௌனப் படத்தின் அரசியல், வசனத்துக்குப் பதிலாகத் திரையில் எழுத்தாக வரும் டைட்டில் கார்டுகளின் முழக்கங்களில் இல்லை. யாருக்கு முகம் கொடுக்கப்படுகிறது, யாருக்குக் கொடுக்கப்படவில்லை என்பதில் இருக்கிறது. அதோடு, படம் முழுக்க ஒரே கேள்வி மூன்று முறை கேட்கப்படுகிறது: சுடச் சொல்லி உத்தரவு வந்தால், துப்பாக்கி பிடித்திருப்பவன் சுடுவானா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் படம் வேறு மாதிரித் தெரியும்.

முதலில் வரலாறு. 1905 ஜனவரியில், பீட்டர்ஸ்பர்க்கில் ஜார் மன்னரிடம் மனு கொடுக்க ஊர்வலமாகப் போன தொழிலாளர்களைப் படைகள் சுட்டன. மே மாதம் ட்சுஷிமா கடற்போரில் ரஷ்யக் கடற்படையை ஜப்பான் நொறுக்கியது. நாடே கொதித்துக்கொண்டிருந்தபோது, ஜூன் 27 அன்று (பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி ஜூன் 14) கருங்கடலில் டெந்த்ரா தீவு அருகே நின்ற பொட்டெம்கின் கப்பலில் புழு நெளிந்த இறைச்சியைப் போட்டு சூப் வைத்தார்கள். மாலுமிகள் தொட மறுத்தார்கள். கப்பல் மருத்துவர் அந்த இறைச்சி சாப்பிடத் தக்கது என்று சான்று கொடுத்தார். வாக்குவாதம் முற்றி, வாகுலென்சுக் என்ற மாலுமி சுடப்பட்டான். கலகம் வெடித்தது. கேப்டன் உட்பட ஏழு அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். கப்பல் செங்கொடியோடு ஒடெஸா துறைமுகத்துக்குப் போனது. அங்கே ஏற்கனவே வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது.

நீனா அகஜானோவா என்ற போல்ஷெவிக் (லெனினின் கட்சி) பெண் எழுதிய மூலத் திரைக்கதை 1905ஆம் ஆண்டு முழுவதையும் சொல்ல முயன்ற பெரிய கதை. பொட்டெம்கின் அதில் ஒரு சிறு பகுதி. லெனின்கிராடில் (பீட்டர்ஸ்பர்க்குக்கு அப்போதைய பெயர்) படப்பிடிப்பு தொடங்கி, வானிலை ஒத்துழைக்காமல் குழு தெற்கே ஒடெஸாவுக்கு வந்தது. அங்கே துறைமுகத்திலிருந்து நகரத்துக்கு ஏறும் அந்தப் பெரிய படிக்கட்டு கண்ணில் பட்டதும் மற்றதெல்லாம் ஒதுங்கிப்போய், சிறு பகுதியே முழுப் படமாகிவிட்டது.

சரி, அந்த மூன்று முறைக்கு வருகிறேன்.

முதல் முறை, கப்பலின் மேல்தளத்தில். சூப் குடிக்க மறுத்தவர்களில் ஒரு கூட்டத்தைத் தனியே ஒதுக்கி, அவர்கள் மேல் தார்ப்பாயைப் போர்த்துகிறார்கள். எதிரே காவல் மாலுமிகள் துப்பாக்கியை உயர்த்துகிறார்கள். பாதிரியார் சிலுவையோடு வருகிறார். இங்கே ஐசன்ஸ்டைன் நேரத்தை இழுக்கிறார். நிஜத்தில் சில வினாடி ஆகும் ஒரு விஷயத்தைக் கப்பலின் முகப்பு, ஊதுகொம்பு, வாளின் பிடி, சிலுவை, தார்ப்பாய்க்குள் தள்ளாடும் உருவங்கள் என்று துண்டு துண்டாகக் காட்டி நீட்டிக்கொண்டே போகிறார். கடைசியில் வாகுலின்சுக் (படத்தில் பெயர் இப்படித்தான் வருகிறது) ஒரே ஒரு சொல் கத்துகிறான்: “சகோதரர்களே!” யாரைச் சுடுகிறீர்கள் என்று கேட்கிறான். துப்பாக்கிகள் நடுங்குகின்றன. தாழ்கின்றன.

இந்தத் தார்ப்பாய் ஐசன்ஸ்டைனின் கற்பனை. கடற்படையில் மரண தண்டனையின்போது ரத்தம் தளத்தில் படாமல் இருக்கக் காலடியில்தான் தார்ப்பாய் விரிப்பார்கள், தலைமேல் போர்த்த மாட்டார்கள் என்று அவரிடமே சொல்லியிருக்கிறார்கள். அவர் மாற்றவில்லை. அதற்குக் காரணம் உண்டு. போர்த்தப்பட்ட மனிதர்களுக்கு முகம் கிடையாது. அதிகாரியின் கண்ணில் மாலுமி எப்படியோ, அப்படியே அவர்கள் நமக்கும் தெரிகிறார்கள்: உருவமில்லாத ஒரு மூட்டை. “சகோதரர்களே” என்ற குரல் அந்த மூட்டைக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று சுடப்போகிறவர்களுக்கு நினைவுபடுத்துகிறது. அதன் பிறகுதான் தார்ப்பாய் விலகுகிறது.

இரண்டாம் முறை, ஒடெஸா படிக்கட்டில், கப்பலுக்குக் கையசைக்கக் கூடிய நகர மக்கள் முன்னால். இங்கே துப்பாக்கிகள் தாழவில்லை.

படிக்கட்டுக் காட்சியை எத்தனையோ பேர் அலசியிருக்கிறார்கள். பெரும்பாலும் படத்தொகுப்பின் தாளத்தைப் பற்றித்தான் பேச்சு. நான் சொல்ல விரும்புவது வேறு. மேலிருந்து இறங்கும் படைவீரர்களுக்கு அந்தக் காட்சி முழுவதிலும் முகமே இல்லை. வெள்ளைச் சட்டைகள், நீட்டிய துப்பாக்கிகள், வரிசையாக ஒரே அடியில் இறங்கும் பூட்ஸ், படிகளில் விழும் நீண்ட நிழல்கள். அவ்வளவுதான். மக்கள் பக்கமோ முழுக்க முகங்கள். குடையோடு வந்த சீமாட்டி, கால்கள் இல்லாமல் கைகளை ஊன்றித் தாவிப்போகும் மனிதன், மாணவன், மூக்கில் கவ்விய கண்ணாடி அணிந்த முதிய ஆசிரியை, மகனைப் பறிகொடுத்த தாய், குழந்தை வண்டியோடு நிற்கும் இன்னொரு தாய். ஒவ்வொருவரையும் ஓரிரு வினாடிதான் பார்க்கிறோம், ஆனால் மறப்பதில்லை. கொல்லும் பக்கத்தில் முகம் காட்டப்படுவது ஒருவனுக்குத்தான்: வாளை வீசும் கொசாக் (ஜாரின் குதிரைப்படை வீரன்). அவன் முகம் கோரமாகத் திரையை நிறைத்த அடுத்த நொடி, ஆசிரியையின் கண்ணாடி உடைந்து கண்ணில் ரத்தம்.

இந்த இடத்தில்தான் படத்தின் வர்க்கப் பார்வையைக் கொஞ்சம் கறாராகப் பார்க்க வேண்டும். அந்த வெள்ளைச் சட்டைக்காரர்கள் யார்? ஜாரின் தரைப்படையில் இருந்தவர்கள் பெரும்பாலும் கட்டாய ராணுவச் சேவைக்குப் பிடித்து வரப்பட்ட குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். கப்பலில் இருந்த மாலுமிகளைப் போலவே. மேல்தளத்தில் காவல் மாலுமிகளை “சகோதரர்களே” என்று அழைத்த படம், படிக்கட்டில் இந்தக் குடியானவப் பிள்ளைகளை அப்படி அழைக்கவில்லை. அவர்களை இயந்திரமாக்கிவிட்டது. இது கவனக்குறைவாக நடந்ததல்ல. 1905 ஏன் தோற்றது, 1917 ஏன் வென்றது என்பதற்குப் படம் தரும் விளக்கமே இதுதான். 1905இல் தரைப்படை பெரும்பாலும் ஜாரின் பக்கமே நின்றது. 1917இல் பெத்ரோகிராட் (அதே பீட்டர்ஸ்பர்க்) படைவீரர்கள் மக்கள் பக்கம் சாய்ந்தார்கள், ஆட்சி சாய்ந்தது. 1925இல் உட்கார்ந்துகொண்டு 1905ஐப் பார்க்கும் ஒருவர், உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து இறங்கும் அந்த வரிசையை முகமற்ற ஒன்றாகத்தான் காண்கிறார்.

அதே படிக்கட்டில் இன்னொரு வாதமும் நடக்கிறது. இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். சுடத் தொடங்கிய பின் இரண்டு பேர் ஓடாமல் திரும்புகிறார்கள். ஒருத்தி, அடிபட்ட மகனைக் கையில் ஏந்திக்கொண்டு படைவீரர்களை நோக்கி மேலே ஏறும் தாய். எல்லோரும் கீழே ஓட, அவள் மட்டும் மேலே போகிறாள். சுடாதீர்கள், என் பிள்ளைக்கு உடம்பு மோசமாக இருக்கிறது என்று கெஞ்சுகிறாள். மற்றவர், அந்தக் கண்ணாடி போட்ட ஆசிரியை. பதுங்கியிருப்பவர்களிடம் போய், வாருங்கள், பேசிப் பார்ப்போம், அவர்கள் மனதை மாற்றுவோம் என்கிறார். இரண்டு வேண்டுகோளுக்கும் பதில் குண்டுதான். ஜனவரியில் மனுவோடு போன பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்களுக்குக் கிடைத்த அதே பதில். மன்னரிடம் முறையிடலாம், படித்தவர்கள் சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கையைப் படம் இங்கே கொன்றுவிடுகிறது. ஆசிரியையின் கண் வெட்டுப்பட்ட உடனே திரையில் வருவது கப்பலின் பீரங்கி. ஜெனரல்கள் கூடியிருக்கும் ஒடெஸா அரங்கத்தை நோக்கி அது சுடுகிறது. உறங்கும் கல் சிங்கம், தலை தூக்கும் சிங்கம், எழுந்து நிற்கும் சிங்கம் என்று மூன்று வெவ்வேறு சிலைகள் அடுத்தடுத்து வந்து ஒரே சிங்கம் எழுவது போலத் தெரிகிறது. அவை ஒடெஸாவிலேயே இல்லை. கிரிமியாவில் அலுப்காவின் வொரொன்ட்சோவ் அரண்மனைப் படிகளில் இருப்பவை.

இதைப் பார்க்கும்போது நம் மனம் அந்தப் பீரங்கி சுட வேண்டும் என்று ஏங்குகிறது. அங்கேதான் இந்தப் படத்தின் பலமும் ஆபத்தும் இருக்கிறது. ஆயுதத்தை விரும்ப வைக்கிறது, அதுவும் மிக நியாயமான ஒரு கோபத்தின் வழியாக. உண்மையில் பொட்டெம்கின் சுட்ட குண்டுகள் இலக்கில் படவில்லை, தப்பிப் போய் நகரத்தில்தான் விழுந்தன. படத்தில் அவை குறி தப்பவில்லை. இந்த மாற்றத்தை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. புரட்சி வன்முறை எப்போதும் சரியான கதவைத்தான் உடைக்கும் என்ற நம்பிக்கையை அது விதைக்கிறது. பின்னால் வந்த ஆண்டுகள் அதற்கு என்ன விலை கொடுத்தன என்று நமக்குத் தெரியும்.

படிக்கட்டுப் படுகொலை அப்படியே நடந்ததா என்றும் பலர் கேட்பார்கள். பட்டப்பகலில், அந்தப் படிகளில், வரிசையாக இறங்கி நடத்திய படுகொலை என்பது படத்தின் படைப்பு. துறைமுகப் பகுதியில் இரவில் கூட்டத்தை வளைத்துச் சுட்டார்கள், பல நூறு பேர் செத்தார்கள், அது உண்மை. துறைமுகக் கிடங்குகளில் கொள்ளை நடந்ததும், தீ வைத்ததும் உண்மை. படம் முதலாவதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, இரண்டாவதை விட்டுவிட்டது. அதன் மக்கள் திரளில் குடிகாரனும் இல்லை, கொள்ளைக்காரனும் இல்லை.

மூன்றாம் முறை, கடைசிப் பகுதியில். கருங்கடல் கப்பற்படை பொட்டெம்கினை எதிர்கொள்ள வருகிறது. இயந்திரங்கள், உயரும் பீரங்கிக் குழாய்கள், காத்திருக்கும் முகங்கள். சுடுவார்களா? மறுபடி “சகோதரர்களே!” அந்தக் கப்பல்களின் மாலுமிகள் சுடாமல் வழிவிடுகிறார்கள். இது ஏறக்குறைய நடந்ததுதான். மாலுமிகள் சுட மறுத்தார்கள், இன்னொரு கப்பல் கலகத்தில் சேரவும் செய்தது.

படம் இங்கே நிற்கிறது. வரலாறு நிற்கவில்லை. சேர்ந்த கப்பல் மறுநாளே விலகிப்போனது. நிலக்கரியும் நீரும் தீர்ந்து பொட்டெம்கின் அலைந்தது. ஜூலை 8 அன்று ருமேனியாவின் கான்ஸ்டன்ட்சா துறைமுகத்தில் சரணடைந்தது. கலகத்தின் தலைவன் மாத்யுஷென்கோ பின்னர் ரஷ்யாவுக்குத் திரும்பி, 1907இல் தூக்கிலிடப்பட்டான். படத்தில் அவனும் இருக்கிறான், ஆனால் ஓரமாக. முன்னால் நிறுத்தப்படுவது சீக்கிரமே செத்துப்போகும் வாகுலின்சுக். செத்தவனைத் தியாகியாக்குவது எளிது. உயிரோடு இருந்து, அலைந்து, கட்சிகளோடு ஒத்துப்போகாமல், அரசே வேண்டாம் என்ற அராஜகவாதிகள் பக்கம் சாய்ந்தவனை வைத்து ஆண்டு விழா கொண்டாடுவது கஷ்டம்.

இனி உங்கள் “அச்சில் வார்த்தது” என்ற குற்றச்சாட்டு. அது நூற்றுக்கு நூறு சரி, ஐசன்ஸ்டைனே அதைத்தான் செய்ய முயன்றார். தேர்ந்த நடிகர்களைவிட, ஒரு முகத்தைப் பார்த்தவுடன் அவர் யார், என்ன வேலை, எந்த வர்க்கம் என்று தெரிந்துவிடும் ஆட்களைத் தெருவிலிருந்தும் வேலையிடங்களிலிருந்தும் தேர்ந்தெடுத்தார். தனி மனிதனின் மனப் போராட்டம் அவருக்குத் தேவைப்படவில்லை. படத்தின் தொடக்கத்தில் அவர் வைத்த மேற்கோள், புரட்சித் தலைவர்களில் ஒருவரான ட்ராட்ஸ்கி 1905 பற்றி எழுதிய வரிகள்: தனி மனிதன் திரளில் கரைகிறான், திரள் எழுச்சியில் கரைகிறது என்ற பொருளில் அமைந்தவை. படத்தின் அழகியல் திட்டமே அந்த இரண்டு வரிகள்தான் என்று சொல்வேன். கட்சியின் அதிகாரப் போட்டியில் ட்ராட்ஸ்கி வீழ்ந்த பிறகு அதை எடுத்துவிட்டு, புரட்சி என்பது போர், நியாயமான ஒரே போர் என்னும் லெனின் மேற்கோளை வைத்தார்கள். பல பத்தாண்டுகள் உலகம் பார்த்தது அந்தப் பிரதிகளைத்தான். படத்தில் ஒரு ஷாட்கூட மாற வேண்டியதில்லை, முகப்பு வரி மாறினாலே பொருள் நகர்ந்துவிடுகிறது. முதலாவது கரைதலைப் பற்றிப் பேசுகிறது, இரண்டாவது போரைப் பற்றி.

ஆனால் அச்சு என்றாலே ஆழமில்லை என்று ஆகிவிடாது. அந்த மருத்துவரை எடுத்துக்கொள்ளுங்கள். இறைச்சியில் புழு நெளிகிறது. நமக்கே தெரிகிறது. அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இரண்டு சில்லையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, உருப்பெருக்கி போலப் பிடித்து, கிட்டத்தில் வைத்துப் பார்க்கிறார். திரை முழுக்கப் புழுக்கள். பார்த்துவிட்டு, இது புழு இல்லை, உப்புத் தண்ணீரில் கழுவினால் போய்விடும் என்கிறார். கண்ணாடி என்பது இன்னும் தெளிவாகப் பார்ப்பதற்கான கருவி. அதை வைத்துக்கொண்டே பார்க்க மறுக்கும் அறிவு எவ்வளவு பயங்கரமானது என்று ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிட்டார். கலகத்தில் அவரைக் கடலில் தூக்கிப் போடுகிறார்கள். கண்ணாடி மட்டும் கயிற்றில் மாட்டிக்கொண்டு ஆடுகிறது. முழு மனிதனைக் காட்ட வேண்டிய இடத்தில் அவன் வர்க்கத்தின் அடையாளம் ஒன்று போதும் என்பது ஐசன்ஸ்டைனின் கணக்கு. அதே வகைக் கண்ணாடிதான் படிக்கட்டில் ஆசிரியையின் முகத்தில் இருக்கிறது. படித்த வர்க்கத்துக்கு இரண்டு முடிவுகளைப் படம் எழுதுகிறது: பொய் சொன்னவரின் கண்ணாடி கயிற்றில், நல்லெண்ணத்தோடு பேசப் போனவரின் கண்ணாடி கண்ணுக்குள்.

பாதிரியாரும் அப்படித்தான். பரட்டைத் தலை, புகைக்கு நடுவே தோன்றும் உருவம். கையில் இருக்கும் சிலுவையை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே இருக்கிறார், அடுத்த ஷாட்டில் ஒரு அதிகாரியின் விரல் வாளின் பிடியைத் தடவுகிறது. மதமும் ஆயுதமும் ஒரே கையின் இரண்டு பொருள்கள் என்று சொல்லியாயிற்று. கைகலப்பில் சிலுவை விழுந்து, கோடாரி போலத் தளத்தில் குத்தி நிற்கிறது. அவரோ செத்தவர் போலப் படுத்துக்கொண்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கிறார். மதத்தைப் பற்றிய படத்தின் தீர்ப்பு இவ்வளவு ஒருதலையாக இருப்பது எனக்குச் சிறுமையாகவே படுகிறது. அதே நாட்டில் மனு ஊர்வலத்தை முன்னின்று நடத்தியவர் கபோன் என்ற பாதிரியார்தான். மாலுமிகளில் பலர் பக்தியுள்ள வீடுகளிலிருந்து வந்தவர்கள். தட்டு கழுவும் இளைஞன் ஒருவன், “இன்றைய அப்பத்தை எங்களுக்குத் தாரும்” என்ற ஜெப வரி பொறித்த தட்டைப் படித்துவிட்டு உடைக்கிறானே, அந்தக் காட்சிதான் இதைவிட உண்மையானது. அதில் மதத்தின் மேல் இருப்பது கேலி இல்லை, ஏமாற்றம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றாத வரி அது. உடைக்கும் அந்த ஒற்றை அசைவைப் பல ஷாட்டுகளாக வெட்டி, கை ஒரு முறைக்கு மேல் ஓங்குவது போலக் காட்டுகிறார். கலகம் அந்தத் தட்டில்தான் தொடங்குகிறது.

பெண்களைப் பற்றி. கப்பலில் பெண்கள் இல்லை, அது இயல்பு. ஒடெஸாவுக்கு வந்ததும் படம் பெண் முகங்களால் நிறைகிறது. வாகுலின்சுக்கின் உடல் துறைமுகத்தில் ஒரு கூடாரத்தில், கையில் மெழுகுவத்தியோடு, ஒரு கரண்டி சூப்புக்காகச் செத்தவன் என்ற சீட்டோடு கிடத்தப்பட்டிருக்கிறது. துக்கம் விசாரிக்க வரும் கூட்டம் மெல்ல மெல்லக் கோபக் கூட்டமாக மாறும்போது, மேடையேறிப் பேசுபவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. ஆனால் நம் நினைவில் நிற்பது பேசிய பெண் அல்ல, கத்திய தாய்மார்கள்தான். துயரத்தைச் சுமப்பவர்களாகவும் பலியாகிறவர்களாகவும்தான் படம் பெண்களை அதிகம் பயன்படுத்துகிறது. திரைக்கதையை எழுதியவர் தலைமறைவு அரசியலில் அனுபவம் உள்ள ஒரு பெண் என்பதை வைத்துப் பார்த்தால் இது ஒரு குறைதான். குழந்தை வண்டி உருண்டோடுவது உலக சினிமாவில் திரும்பத் திரும்ப நகலெடுக்கப்பட்டது. மகனைத் தூக்கிக்கொண்டு மேலேறும் தாயை யாரும் அவ்வளவு நகலெடுக்கவில்லை. எனக்கு இரண்டாவதுதான் பெரிய காட்சி. பலி என்பதைத் தாண்டி, அவள் ஒரு முடிவெடுத்து நடக்கிறாள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். துறைமுகக் கூட்டத்தில் நல்ல உடை உடுத்த ஒருவன் சிரித்துக்கொண்டே நிற்பான். எல்லோரும் கொடுங்கோலர்களுக்கு எதிராகக் குரல் எழுப்பும்போது, அவன் யூதர்களை அடியுங்கள் என்று கத்துவான். ஒரு நொடி அமைதி. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். அப்புறம் கூட்டம் அவன் மேல் பாய்ந்து அடிக்கும். சின்னக் காட்சி. ஆனால் ஒடெஸாவில் அன்று மூன்றில் ஒருவர் யூதர். அதே 1905 அக்டோபரில், கலகம் நடந்து நான்கே மாதத்தில், அந்த நகரில் நடந்த யூத எதிர்ப்பு வெறியாட்டத்தில் 400க்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் சாதாரண மக்களும், கூலித் தொழிலாளர்களும் இருந்தார்கள். மக்களின் கோபத்தை வேறு மதத்தார் பக்கம் திருப்பிவிடுவது ஆட்சியாளர்களுக்கு எவ்வளவு வசதி என்று தெரிந்த ஒருவர் எடுத்த காட்சி அது. ஐசன்ஸ்டைனின் தந்தைவழி யூத வேர்களையும் மறக்க வேண்டாம். நிஜ ஒடெஸாவில் கூட்டம் அந்தக் குரலுக்குச் செவி சாய்த்தது. படத்தின் ஒடெஸா சாய்க்கவில்லை. வரலாற்றைத் திருத்திய இடங்களிலேயே நான் முழு மனதோடு ஏற்கும் திருத்தம் இது ஒன்றுதான். மக்கள் எப்படி நடந்தார்கள் என்பதை விட்டு, எப்படி நடந்திருக்க வேண்டும் என்று காட்டுகிறது.

அந்த மக்கள் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. சுத்தமான பாட்டாளி வர்க்கப் படம் என்று பெயர் வாங்கிய இதில், படிக்கட்டில் கப்பலுக்குக் கையசைப்பவர்கள் எல்லா வகையினரும். பட்டுக் குடை பிடித்தவளும் கந்தல் உடுத்தவனும் பக்கத்தில் பக்கத்தில். பாய்மரப் படகுகளில் கோழியும் பன்றியும் முட்டையும் கொண்டுபோய்க் கொடுப்பது சிறு வியாபாரிகளும் மீனவர்களும். போல்ஷெவிக் கட்சி எழுச்சியை நடத்துவதாகப் படம் எங்குமே காட்டவில்லை. கருங்கடல் கப்பற்படை முழுவதிலும் ஒரே நேரத்தில் கலகம் செய்ய சோஷலிச மாலுமிகள் ரகசியமாகத் திட்டமிட்டிருந்தார்கள் என்பதும், இறைச்சித் தகராறால் பொட்டெம்கினில் முன்கூட்டியே வெடித்துவிட்டது என்பதும் படத்தில் இல்லை. ஆக, படம் முன்வைப்பது கட்சி நடத்தும் புரட்சி அல்ல, அநீதி தாங்காமல் தானாகப் பற்றி எழும் மக்கள் எழுச்சி. இரண்டு ஆண்டு கழித்து இதே இயக்குநர் எடுத்த ‘அக்டோபர்’ படத்தில் லெனின் வேடத்தில் ஒருவர் வந்துவிட்டார், ட்ராட்ஸ்கி வரும் காட்சிகளை வெட்ட வேண்டியதாகிவிட்டது. ‘பொட்டெம்கின்’ அந்த இறுக்கத்துக்குச் சற்று முந்தையது. அதில் இன்னும் காற்று இருக்கிறது.

ஆனால் 1925இல் அந்தக் கதையைச் சொல்லும்போது சொல்லாமல் விட்ட ஒன்று பெரிய நிழலாக விழுகிறது. 1921 மார்ச்சில் க்ரோன்ஷ்டாட் தீவுக் கோட்டையின் மாலுமிகள், 1917 புரட்சிக்கு முதுகெலும்பாக நின்றவர்கள், போல்ஷெவிக் ஆட்சிக்கு எதிராகவே எழுந்தார்கள். சோவியத்துகள் எனப்படும் மக்கள் மன்றங்களுக்குச் சுதந்திரமான தேர்தல், பேச்சுரிமை, உணவுப் பங்கீட்டில் சமத்துவம் என்பவை அவர்களின் கோரிக்கைகள். செஞ்சேனை உறைந்த கடல் மேல் நடந்துபோய் அவர்களை நசுக்கியது. அப்போது படைத்துறைக்குப் பொறுப்பாளர் ட்ராட்ஸ்கி. நான்கு ஆண்டு கழித்து, மாலுமிகளின் கலகத்தைப் போற்றும் படத்தின் முகப்பில் அவருடைய வரிகள். பொல்ஷோய் அரங்கில் அன்று உட்கார்ந்திருந்த எத்தனை பேர் க்ரோன்ஷ்டாட்டை நினைத்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. சகோதரனைச் சுடாதே என்று படம் கேட்ட கேள்விக்கு, படத்துக்குப் பணம் கொடுத்த அரசு ஏற்கனவே பதில் சொல்லிவிட்டிருந்தது. இதனால் படம் பொய்யாகிவிடாது. கேள்வி அந்த அரசையும் சேர்த்தே கேட்கிறது.

உலகம் இதை எப்படி எதிர்கொண்டது என்பதிலும் அந்தக் கேள்விதான் தெரிகிறது. 1926இல் பெர்லினில், எட்முண்ட் மைசலின் இசையோடு ஓடி, பெரும் புகழ் பெற்றது. ஜெர்மன் ராணுவத் தலைமை தன் படைவீரர்கள் இதைப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. தொழிலாளர்கள் பார்ப்பதைவிடத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பார்ப்பதுதான் அவர்களுக்குப் பயம். படத்தை என்னைவிடச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பிரிட்டனில் பொதுத் திரையிடலுக்கு 1954 வரை தடை இருந்தது. 1933இல் ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் இதைப் புகழ்ந்து, உறுதியான கொள்கை இல்லாத எவனையும் போல்ஷெவிக் ஆக்கிவிடும் படம் என்ற பொருளில் பேசி, ஜெர்மன் சினிமாவும் இப்படி எடுக்க வேண்டும் என்றார். ஐசன்ஸ்டைன் கோபத்தோடு அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். உத்தியை மட்டும் பெயர்த்தெடுத்து எந்தக் கொள்கைக்கும் ஒட்டிவிடலாம் என்று நினைத்தவருக்குக் கிடைத்த பதில் அது. என்றாலும் வருத்தமான உண்மை ஒன்று உண்டு: எதிரியின் முகத்தை மறைத்துவிட்டு நம்மவர் முகத்தைப் பெரிதாக்கும் உத்தி, கொள்கை பார்த்து வேலை செய்வதில்லை. இன்றைய தேர்தல் வீடியோக்கள் வரைக்கும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் எந்தப் பிரதி என்று பார்த்து எடுங்கள். பெர்லினுக்கு விற்கப்பட்ட நெகட்டிவ் அங்கே தணிக்கையில் வெட்டுப்பட்டது, பிறகு சோவியத்தில் சீரமைத்தபோதும் பழைய உருவம் முழுதாகத் திரும்பவில்லை. 1976 பிரதியில் சோவியத் இசையமைப்பாளர் ஷஸ்டகோவிச்சின் சிம்பனிகளைப் பின்னணியில் போட்டிருப்பார்கள். இசை அருமை, ஆனால் படத்துக்கு எழுதியது இல்லை, காட்சியை மெழுகி உயர்த்திவிடுகிறது. 2005இல் ஜெர்மனியில் என்னோ பட்டாலாஸ் முன்னின்று மீட்டெடுத்த பிரதிதான் என் தேர்வு. வெட்டுப்பட்ட ஷாட்டுகள் திரும்பியிருக்கின்றன, ட்ராட்ஸ்கி வரிகள் முகப்பில் இருக்கின்றன, மைசலின் முரட்டு இசை இருக்கிறது, கறுப்பு வெள்ளைக்கு நடுவே கொடி கையால் தீட்டிய சிவப்பில் ஏறுகிறது. அதைப் பார்க்கும்போது படிக்கட்டுக்கு முன்னும் பின்னும் வரும் இரண்டு “சகோதரர்களே” காட்சிகளையும் தவறவிடாதீர்கள். படிக்கட்டை மட்டும் தனியே வெட்டி இணையத்தில் பார்த்தவர்களுக்கு இந்தப் படத்தின் அரசியலில் நடுப்பகுதி மட்டுமே கிடைத்திருக்கிறது. அதோடு இன்னொரு சோவியத் இயக்குநரான புடோவ்கினின் ‘தாய்’ (1926) படத்தையும் பாருங்கள். அங்கே ஒரே ஒரு பெண், தன் மகனை அறியாமையால் போலீசிடம் காட்டிக்கொடுத்துவிட்டு, மெல்ல மெல்ல மாறுகிறாள். அச்சில் வார்க்காத மனிதர்கள் வேண்டும் என்று நீங்கள் கேட்டது அதே நாட்டில், அடுத்த ஆண்டிலேயே, வேறொருவர் கையில் கிடைத்தது.